நஷ்டஈட்டு வழக்கு: தவறுக்கும் இழப்புக்கும் நடுவே உள்ள கயிறு

வழக்கறிஞர் அலுவலகத்துக்கு இரண்டு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குக் காலில் மாவுக்கட்டு. தண்ணீர் விட்டுக் கழுவிய தரையில், எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லாத இடத்தில், வழுக்கி விழுந்தவர். இன்னொருவர் கையில் கனமான கோப்பு. சிறிய தொழிற்சாலை நடத்துகிறார். மூன்று மாதத்தில் வந்திருக்க வேண்டிய இயந்திரம் எட்டு மாதம் கழித்து வந்து சேர்ந்தது. இருவரும் உட்கார்ந்ததும் முதலில் சொல்வது ஒன்றேதான்: "எனக்குப் பெரிய அநியாயம் நடந்துவிட்டது, சார்."

அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் நீதிமன்றத்தில் அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து வைக்க முடியாது. அதை உடைத்து நான்கு கேள்விகளாக்க வேண்டும். எதிர்த்தரப்புக்கு உங்களிடம் என்ன கடமை இருந்தது? அதில் எங்கே தவறினார்கள்? உங்களுக்கு என்ன இழப்பு ஏற்பட்டது? அந்த இழப்பு இந்தத் தவறால்தான் வந்தது என்று எப்படிக் காட்டுவீர்கள்? உடலில் பட்ட காயத்துக்கான வழக்கும், வியாபார ஒப்பந்தம் முறிந்ததற்கான வழக்கும் வெளிப்பார்வைக்கு வெவ்வேறு உலகங்கள். உள்ளே இருக்கும் எலும்புக்கூடு ஒன்று. நான்காவது கேள்விதான் பெரும்பாலான வழக்குகளின் உயிர்நிலை. அதே கேள்வியைத்தான் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் யோசிக்காமலேயே வருகிறார்கள்.

கீழே சொல்லியிருப்பவற்றில் பெரும்பகுதி, முந்தைய தீர்ப்புகளே விதிகளாக வளரும் ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளுக்குப் பொருந்தும். நுணுக்கங்கள் நாட்டுக்கு நாடு மாறும், அடிப்படை மாறுவதில்லை.

கடமை எங்கிருந்து வருகிறது?

1928 ஆகஸ்ட் 26 அன்று, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு சிற்றுண்டிக் கடையில், தோழியுடன் வந்த ஒரு பெண்மணி இஞ்சி பீர் அருந்தினார். பாட்டில் கருநிறக் கண்ணாடி. உள்ளே இருப்பது வெளியே தெரியாது. பாதி குடித்த பிறகு மீதியைத் தோழி கோப்பையில் ஊற்றியபோது அழுகிய நத்தை ஒன்று வெளியே வந்து விழுந்தது என்பது அவருடைய புகார். அவருக்கு உடல்நலம் கெட்டது. யாரிடம் இழப்பீடு கேட்பது? பானத்தை வாங்கியவர் தோழி. ஆகவே கடைக்காரரோடு அந்தப் பெண்மணிக்கு ஒப்பந்தம் இல்லை. பானத்தைத் தயாரித்தவரோடு ஒப்பந்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒப்பந்தம் இல்லாவிட்டால் பொறுப்பும் இல்லை என்பதுதான் அன்று பலரும் நினைத்த சட்டம்.

வழக்கு, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் சபை வரை போனது. 1932-இல், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், தயாரிப்பாளருக்கு அந்தப் பெண்மணியிடம் கடமை உண்டு என்று தீர்ப்பானது. தீர்ப்பளித்தவர்களில் ஒருவரான அட்கின் பிரபு அங்கே சொன்ன கருத்து இன்றும் சட்டக் கல்லூரியின் முதல் பாடங்களில் ஒன்று. உங்கள் செயலால் யார் பாதிக்கப்படக்கூடும் என்று நியாயமாக முன்கூட்டியே யோசித்திருக்க முடியுமோ, அவர் சட்டத்தின் கண்ணில் உங்கள் அயலார். அந்த அயலாருக்குத் தீங்கு வராதபடி கவனமாக நடந்துகொள்வது உங்கள் கடமை. சாலையில் வண்டி ஓட்டுபவர், நோயாளிக்கு ஊசி போடுபவர், பொதுமக்கள் நடக்கும் தரையைக் கழுவிவிடுபவர் என்று எல்லோர் மீதும் இன்று சுமத்தப்படும் கவனக் கடமைக்கு அந்தத் தீர்ப்பே பெரிய ஊற்று.

இதில் பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. அந்தப் பாட்டிலில் நத்தை இருந்ததா என்பது எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவே இல்லை. புகார் உண்மை என்று வைத்துக்கொண்டால் சட்டப்படி வழக்கு நிற்குமா என்ற ஒரு கேள்விக்கு மட்டுமே பிரபுக்கள் சபை விடை சொன்னது. சாட்சி விசாரணைக்கு வரும் முன்பே தயாரிப்பாளர் இறந்துபோனார். விவகாரம் சமரசத்தில் முடிந்தது. "சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது" என்று ஒரு வழக்கறிஞர் சொன்னால், நத்தை இருந்தது என்று அவர் சொல்லவில்லை. அதை நீங்கள்தான் காட்டியாக வேண்டும்.

வியாபார வழக்கில் கடமையைத் தேடி இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பெரும்பாலும் அது காகிதத்தில் இருக்கிறது: ஒப்பந்தப் பத்திரத்தில், கொள்முதல் ஆணையில், விலைப்பட்டியலின் பின்புறம் பொடி எழுத்தில், சில நேரம் இரண்டு வரி மின்னஞ்சலில். வாய்மொழி ஒப்பந்தமும் பல விஷயங்களில் செல்லும், நிரூபிப்பதுதான் கடினம். வழக்கு போடும் எண்ணம் வந்ததும் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களை முதலில் படியுங்கள். தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம், நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போயாக வேண்டுமா, பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். கையெழுத்திடும் நாளில் யாருமே படிக்காத பக்கங்கள் அவை.

தவறு ஒன்று, விளைவுகள் நூறு

இனி தவறையும் இழப்பையும் இணைக்கும் அந்தக் கயிறு, அதாவது நான்காவது கேள்வி. ஒரு தவறு நடந்தால் அதிலிருந்து விளைவுகள் கிளை பிரிந்துகொண்டே போகும். இயந்திரம் தாமதமானது, உற்பத்தி நின்றது, ஆர்டர் கைவிட்டுப் போனது, வங்கித் தவணை தவறியது, வீடு ஏலத்துக்கு வந்தது, குடும்பம் உடைந்தது. இத்தனைக்கும் இயந்திரம் விற்றவரே பொறுப்பா? எங்கோ ஓர் இடத்தில் சட்டம் கோடு போட்டாக வேண்டும். காய வழக்கில் அந்தக் கோடு ஓரிடத்திலும், ஒப்பந்த வழக்கில் வேறிடத்திலும் விழுகிறது. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் நஷ்டஈட்டுச் சட்டத்தின் பாதி புரிந்த மாதிரி.

ஒப்பந்தத்தை முதலில் பார்ப்போம். 1853-இல் இங்கிலாந்தின் க்ளஸ்டர் நகரில் ஒரு மாவு ஆலை. நீராவி இயந்திரத்தின் சுழல்தண்டு உடைந்துவிட்டது. புதிய தண்டு செய்வதற்கு உடைந்த தண்டே மாதிரி. அதைக் கிரீன்விச்சில் உள்ள பொறியாளர்களுக்கு அனுப்ப வேண்டும். சரக்கு ஏற்றிச் செல்பவர்களிடம் கொடுத்தார்கள். அவர்களுடைய கவனக்குறைவால் தண்டு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஆலையில் மாற்றுத் தண்டு கிடையாது. இருக்க வேண்டியதைவிடப் பல நாள் கூடுதலாக ஆலை முடங்கியது. அந்த நாட்களின் லாபத்தை ஆலைக்காரர்கள் கேட்டார்கள். ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, கொடுத்தது; மேலே போனபோது 1854-இல் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை, புதிய விசாரணைக்கு உத்தரவானது.

நீதிபதி ஆல்டர்சன் வகுத்த விதி இதுதான். ஒப்பந்தத்தை மீறியவர் இரண்டு வகை இழப்புக்குப் பொறுப்பு. ஒன்று, அப்படி மீறினால் வழக்கமாக, இயல்பாகவே வரக்கூடிய இழப்பு. மற்றொன்று, ஒப்பந்தம் செய்த நேரத்தில் இரு தரப்பார் மனத்திலும் நியாயமாக இருந்திருக்கக்கூடிய இழப்பு. தண்டு தாமதமானால் ஆலையே நின்றுவிடும் என்பது வழக்கமாக நடப்பதல்ல; கையிருப்பில் இன்னொரு தண்டு வைத்திருப்பவர்கள் உண்டு. இந்த ஆலையின் தனி நிலைமை ஏற்றிச் செல்பவருக்கு உணர்த்தப்படவில்லை என்று நீதிமன்றம் கொண்டது. ஆகவே லாப இழப்பு கிடையாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவில் இதே கோட்பாட்டைத்தான் எழுதி வைத்திருக்கிறது.

ஏறத்தாழ நூறு ஆண்டுக்குப் பிறகு வந்த இன்னொரு வழக்கு இதைக் கூர்மையாக்கியது. ஒரு சலவை நிறுவனம் தொழிலைப் பெருக்கப் பெரிய கொதிகலன் ஒன்றை வாங்க ஒப்பந்தம் செய்தது. கொதிகலன் ஐந்து மாதம் தாமதமாக வந்தது. நிறுவனம் இரண்டு விதமான லாபம் போனதாகச் சொன்னது. சாதாரணமாக வந்திருக்கும் புதிய வாடிக்கையாளர்களால் வரும் லாபம் ஒன்று. அரசுத் துறையோடு பேசி வைத்திருந்த, மிகுந்த லாபம் தரும் சாயத் தொழில் ஒப்பந்தங்கள் இன்னொன்று. 1949-இல் நீதிமன்றம் முதலாவதைக் கொடுத்தது. சலவை நிறுவனம் உடனே பயன்படுத்தத்தான் கொதிகலன் வாங்குகிறது என்று விற்பவருக்குத் தெரியாதா என்ன? இரண்டாவதை அந்த அளவில் கொடுக்கவில்லை. அந்தத் தனிப்பட்ட ஒப்பந்தங்களைப் பற்றி விற்பவருக்கு யாரும் சொல்லவில்லை.

இதிலிருந்து வியாபாரிக்குக் கிடைக்கும் நடைமுறைப் பாடம் மிகப் பெரியது என்று நான் நம்புகிறேன். தாமதம் உங்களை எப்படிக் கொல்லும் என்பதை ஒப்பந்தம் செய்யும் முன்பே எதிர்த்தரப்புக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். "இந்தத் தேதிக்குள் வராவிட்டால் இன்ன ஏற்றுமதி ஆர்டரை நாங்கள் இழப்போம்" என்ற ஒரு வரி மின்னஞ்சல், பின்னாளில் பத்துச் சாட்சிகளுக்குச் சமம். தாமதமான பிறகு அனுப்பும் நூறு மின்னஞ்சல்களுக்கு அந்தப் பலம் இல்லை; கணக்கில் வருவது ஒப்பந்தம் செய்த நேரத்து அறிவுதான்.

காய வழக்கில் கதை வேறு. 1950-இல் ஓர் ஆங்கிலத் தொழிற்சாலையில், உருகிய உலோகத்தின் சிறு துளி தெறித்து ஒரு தொழிலாளியின் உதட்டைச் சுட்டது. சின்னத் தீக்காயம். ஆனால் அவருடைய உதட்டுத் திசு ஏற்கெனவே புற்றுநோய்க்கு முந்திய நிலையில் இருந்தது. தீக்காயம் அதைக் கிளப்பிவிட்டது. மூன்று ஆண்டில் அவர் இறந்தார். மனைவி வழக்குத் தொடுத்தார். உதட்டில் தெறிக்கும் துளியால் ஒருவர் புற்றுநோயில் இறப்பார் என்று எந்த முதலாளி முன்கூட்டி யோசித்திருக்க முடியும்? ஆனாலும் 1962-இல் தீர்ப்பு மனைவிக்குச் சாதகமாக வந்தது. தீக்காயம் எதிர்பார்க்கக்கூடியது, அது போதும். காயப்பட்டவர் எந்த உடல்நிலையில் இருக்கிறாரோ அந்த நிலையிலேயே அவரை ஏற்றுக்கொள்ள வேண்டும். மெல்லிய மண்டையோடு உள்ளவரைத் தட்டிவிட்டு, "கெட்டி மண்டையாக இருந்தால் உடைந்திருக்காது" என்று வாதாட முடியாது.

ஏன் இந்த வேறுபாடு? ஒப்பந்தத்தில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசுகிறார்கள். தன் பலவீனத்தைச் சொல்லவும், அதற்கேற்ப விலை கேட்கவும் வாய்ப்பு இருக்கிறது. சாலையில் வண்டி மோதும்போது அந்த வாய்ப்பு யாருக்கும் இல்லை. ஒப்பந்த விதி கடுமையாகத் தோன்றினாலும், இந்த வேறுபாட்டை நான் நியாயமானதாகவே காண்கிறேன்.

பழைய முதுகுவலி, பழைய சர்க்கரை நோய், பழைய அறுவை சிகிச்சை என்று எதையும் காயப்பட்டவர் மறைக்க வேண்டியதில்லை என்பதும் இதிலிருந்து வருகிறது. பலர் மறைக்கிறார்கள். மருத்துவமனைப் பதிவேட்டில் அது இருக்கும். குறுக்கு விசாரணையில் வெளியே வரும். அப்போது அடிபடுவது முதுகுவலி அல்ல, உங்கள் நாணயம். முதல் நாளே சொல்லியிருந்தால், "இருந்த வலியை இந்த விபத்து எவ்வளவு கூட்டியது" என்று மருத்துவரைக் கொண்டே நேராகக் காட்டியிருக்கலாம்.

எவ்வளவு கிடைக்கும்?

கட்சிக்காரர் கேட்கும் முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் இதுதான். முதல் சந்திப்பிலேயே ஒரு தொகையைச் சொல்லிவிடும் வழக்கறிஞரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஆவணங்களைப் பார்க்காமல் அதைச் சொல்ல யாராலும் முடியாது.

கோட்பாடு எளிது. காய வழக்கில், விபத்தே நடக்காமல் இருந்திருந்தால் நீங்கள் எங்கே இருந்திருப்பீர்களோ, பணத்தால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு அந்த இடத்துக்கு உங்களைக் கொண்டுவர வேண்டும். ஒப்பந்த வழக்கில், ஒப்பந்தம் ஒழுங்காக நிறைவேறியிருந்தால் எங்கே இருந்திருப்பீர்களோ அந்த இடத்துக்கு. முன்னது பின்னோக்கிப் பார்க்கிறது, பின்னது முன்னோக்கி.

காயத்தில் கணக்கு இரண்டு கூறாகப் பிரியும். ரசீது உள்ளவை: மருத்துவச் செலவு, போக்குவரத்து, இதுவரை போன சம்பளம், உதவியாளருக்குக் கொடுத்த கூலி. ரசீது இல்லாதவை: வலி, இழந்த உறக்கம், குழந்தையைத் தூக்க முடியாத தோள், இனி ஏற முடியாத படிக்கட்டு. இரண்டாவது கூறுக்கு விலைப்பட்டியல் கிடையாது. நீதிமன்றங்கள் முந்தைய தீர்ப்புகளைப் பார்த்துத்தான் ஒரு தொகைக்கு வருகின்றன. அதனால்தான் அன்றாடக் குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். "மிகவும் வலித்தது" என்று இரண்டு ஆண்டு கழித்துச் சாட்சிக் கூண்டில் சொல்வதற்கும், "இன்று சட்டைப் பொத்தானை நானே போட்டுக்கொள்ள முடியவில்லை, மகள் போட்டுவிட்டாள்" என்று அன்றே எழுதி வைத்திருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எதிர்கால வருமான இழப்பு தனிக் கணக்கு. 33 வயதில் ஒருவர் இனி வேலையே செய்ய முடியாமல் போனால், மீதமுள்ள ஆண்டுகளை அப்படியே வருமானத்தால் பெருக்கிக் கொடுப்பதில்லை. மொத்தத் தொகை இன்றே கைக்கு வருகிறது. அதை முதலீடு செய்யலாம். வேலை செய்திருந்தாலும் நோய், வேலையிழப்பு என்று வாழ்க்கை குறுக்கே வந்திருக்கலாம். ஆகவே மீதமுள்ள ஆண்டுகளைவிடக் குறைந்த ஓர் எண்ணால் பெருக்குவார்கள். அதற்குப் பெருக்கெண் என்று பெயர். சாலை விபத்து வழக்குகளுக்காக இந்திய உச்ச நீதிமன்றம் 2009-இல் வகுத்த அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை பெருக்கெண் 16. 51 முதல் 55 வரை 11. 65-ஐத் தாண்டினால் 5. இங்கிலாந்தில் காப்பீட்டுக் கணிதவியலாளர்கள் தயாரிக்கும் அட்டவணைகளை நீதிமன்றங்கள் பயன்படுத்துகின்றன. ஆண்டு வருமானத்தைக் காட்ட முடியாவிட்டால் எந்த அட்டவணையும் உதவாது. வருமான வரிக் கணக்கில் குறைத்துக் காட்டிவிட்டு நீதிமன்றத்தில் கூட்டிச் சொல்பவர்களுக்கு இங்கேதான் வழி அடைபடுகிறது.

வியாபாரத்தில் அளவுகோல் சில நேரம் எதிர்பாராத இடத்தில் நிற்கும். இங்கிலாந்தில் ஒருவர் நீச்சல் குளம் கட்டச் சொன்னார். ஆழம் ஏழரை அடி என்று ஒப்பந்தம். கட்டி முடித்தபோது ஆழம் ஆறே முக்கால் அடி. குதிக்கும் இடத்தில் ஆறு அடிதான். ஆனாலும் குளம் பாதுகாப்பானது, வீட்டின் மதிப்பும் குறையவில்லை. இடித்துக் கட்ட 21,000 பவுண்டுக்கு மேல் ஆகும். 1995-இல் பிரபுக்கள் சபை அந்தத் தொகையைக் கொடுக்க மறுத்தது. விரும்பிய குளம் கிடைக்காத மனக்குறைக்காக விசாரணை நீதிபதி கொடுத்திருந்த 2,500 பவுண்டை மட்டும் நிலைநிறுத்தியது. ஒப்பந்தம் மீறப்பட்டது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தவறு முழுதாக இருந்தும் இழப்பு சிறிதாக இருக்கலாம்.

தொகையைத் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை என்பதற்காகவே நீதிமன்றம் கைவிரித்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1911-இல் தீர்ப்பான ஒரு வழக்கில், 50 பேர் கொண்ட இறுதித் தேர்வுக்கு வந்திருந்த ஒரு நடிகைக்கு உரிய நேரத்தில் தகவல் போய்ச் சேராததால் வாய்ப்புப் போனது. 12 பேருக்கு வேலை இருந்தது. அவர் ஜெயித்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வாய்ப்புக்கு ஒரு மதிப்பு உண்டு என்று ஜூரி கொடுத்த 100 பவுண்டு நிலைத்தது.

உங்கள் பங்குத் தவறு

சூடான காப்பியைக் கொட்டிக்கொண்டு லட்சக்கணக்கில் வாங்கிய அமெரிக்கப் பாட்டியின் கதையைக் கேட்காதவர் குறைவு. பேராசைக்கு உதாரணமாக அதைச் சொல்லிச் சிரிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். 1992-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் நடந்தது அது. 79 வயதான அவர் நிறுத்தியிருந்த காரில், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தொடையில் கொட்டிய காப்பி தோலின் முழு ஆழத்துக்கும் சுட்டது. எட்டு நாள் மருத்துவமனை, தோல் ஒட்டு அறுவை சிகிச்சை. அந்த உணவகம் காப்பியை 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வைத்திருந்தது. முன்னரே 700-க்கு மேற்பட்ட புகார்கள் வந்திருந்தன. 1994-இல் ஜூரி அவருடைய இழப்பை 2,00,000 டாலர் என்று கணித்து, அவர் பக்கத்திலும் 20 விழுக்காடு தவறு உண்டு என்று 1,60,000 ஆக்கியது. அதற்கு மேல் 27 லட்சம் டாலர் தண்டனை இழப்பீடு. நீதிபதி அதை 4,80,000 ஆகக் குறைத்தார். கடைசியில் இரு தரப்பும் வெளியே சொல்லாத ஒரு தொகைக்குச் சமரசமானார்கள்.

அந்த ஒரே தீர்ப்பில் மூன்று பாடங்கள் இருக்கின்றன. இழப்பை ஈடுகட்டும் தொகை வேறு, மோசமான நடத்தையைத் தண்டிக்கும் தொகை வேறு. இரண்டாவது அரிது, பல நாடுகளில் மிக மிக அரிது. ஜூரி சொன்னதே இறுதியும் அல்ல. அந்த 20 விழுக்காடு மூன்றாவது பாடம். ஒரு காலத்தில் உங்கள் பக்கம் சிறு தவறு இருந்தாலும் மொத்த வழக்கும் போய்விடும். 1809-இல், சாலையில் குறுக்கே போட்டிருந்த கம்பத்தில் மோதி விழுந்த குதிரைக்காரர், தான் வேகமாக வந்த ஒரே காரணத்தால் வெறுங்கையோடு திரும்பினார். இங்கிலாந்து 1945-இல் சட்டம் போட்டு இதை மாற்றியது; இன்று தவறின் பங்குக்கேற்பத் தொகை குறைகிறது. சீட் பெல்ட் போட்டிருந்தால் காயமே ஆகியிருக்காது என்றால் 25 விழுக்காடு, குறைவாக ஆகியிருக்கும் என்றால் 15 விழுக்காடு கழிக்கலாம் என்று 1970-களில் அங்கே ஒரு தீர்ப்பு வழிகாட்டியது. அமெரிக்காவின் அலபாமா, மேரிலேண்ட், வடக்கு கரோலினா, வர்ஜீனியா ஆகிய மாநிலங்களில் மட்டும் அந்தப் பழைய கடும் விதி இன்னும் பெருமளவு உயிரோடு இருக்கிறது. எந்த இடத்தில் விபத்து நடந்தது என்பது இவ்வளவு முக்கியம்.

காயத்துக்குப் பிறகும் ஒரு கடமை உண்டு. மருத்துவர் சொன்ன சிகிச்சையைக் காரணமில்லாமல் விட்டுவிட்டு, மோசமான காலுக்கு முழு இழப்பீடு கேட்க முடியாது. சரக்கு வராத வியாபாரியும் வேறிடத்தில் வாங்க முயன்றிருக்க வேண்டும். நியாயமான முயற்சி போதும், வீரச் செயல் தேவையில்லை.

சாட்சியம் எப்படிக் கரைகிறது

1722-இல் லண்டனில், புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவனுக்கு ஒரு நகை கிடைத்தது. விலை தெரிந்துகொள்ளத் தங்கப் பட்டறைக்குக் கொண்டுபோனான். அங்கிருந்த தொழில் பழகுநர் எடை போடுவதுபோலப் பாவனை செய்து கற்களைக் கழற்றிக்கொண்டார். சில்லறைக் காசு கொடுக்க முன்வந்தார்கள். சிறுவன் வேண்டாம், நகையைக் கொடுங்கள் என்றான். கல் இல்லாத வெறும் கூடு திரும்பி வந்தது. வழக்கு தலைமை நீதிபதி முன் போனது. கல்லே இல்லாதபோது அதன் மதிப்பை எப்படி நிர்ணயிப்பது? அவர் ஜூரிக்குச் சொன்னார்: பிரதிவாதி கல்லைக் கொண்டுவந்து, அது உயர்ந்த ரகமல்ல என்று காட்டாதவரை, அந்தக் கூட்டில் பொருந்தக்கூடிய ஆகச் சிறந்த கல்லின் விலையைக் கணக்கில் கொள்ளுங்கள்.

முந்நூறு ஆண்டு கழிந்தும் அந்தச் சிறுவனின் வழக்கு மேற்கோள் காட்டப்படுகிறது. சாட்சியத்தை ஒளிப்பவனுக்கு எதிராகவே சந்தேகம் திரும்பும். இன்றைக்கு அது நகையின் கல்லாக இல்லாமல், அழிக்கப்பட்ட மின்னஞ்சலாகவும் மேலெழுதப்பட்ட கண்காணிப்பு கேமராப் பதிவாகவும் இருக்கிறது. வழக்கு வரும் என்று தெரிந்த நொடியிலிருந்து எதையும் அழிக்கக்கூடாது. இரு தரப்புக்கும் இது பொருந்தும். தங்கள் நிறுவனத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து ஊழியர்கள் பழைய கோப்புகளைச் சுத்தம் செய்து, ஜெயித்திருக்க வேண்டிய வழக்கைத் தோற்கடித்துவிடுவார்கள். கட்சிக்காரரின் எல்லா அலுவலகங்களுக்கும் எழுத்தில் எச்சரிக்கை அனுப்புவது வழக்கறிஞரின் முதல் வாரத்து வேலை.

வழுக்கி விழுந்தவரிடம் திரும்பி வருவோம். அந்தத் தரை பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். அதன் பிறகு அது சாதாரணத் தரை. கூட வந்தவர் கைப்பேசியில் எடுத்த ஒரு படம், அதில் தெரியும் வாளி, பளபளக்கும் ஈரம், பலகை இல்லாத மூலை, படத்தோடு பதிவான நேரம்: வழக்கு முழுவதும் அதில் நின்றுவிடலாம். அன்று அணிந்திருந்த செருப்பைக் கழுவாமல் பையில் போட்டு வையுங்கள். அடிப்பாகம் தேய்ந்திருந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லும். கண்காணிப்பு கேமராப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லும் கடிதம் அந்த வாரத்திலேயே போக வேண்டும். பல இடங்களில் பழைய பதிவு மேல் புதிய பதிவு தானாகவே ஏறிவிடும். சமூக ஊடகத்தில் எதுவும் எழுதாதீர்கள். உறவினர் திருமணத்தில் சிரித்தபடி நிற்கும் ஒரு படம், நீங்கள் அன்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம்தான் நின்றீர்கள் என்பதைச் சொல்லாது.

உரிமையியல் (சிவில்) வழக்கில் ஐயம் திரிபற நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்ற அளவுக்குத் தராசு உங்கள் பக்கம் சாய்ந்தால் போதும். அந்தச் சிறு சாய்வை உண்டாக்குவது இத்தகைய சின்னப் பொருள்கள்தான்.

வழக்குப் போடுவதற்கான காலவரம்பு பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை, ஆனால் இதைவிடக் கொடிய பள்ளம் வேறில்லை. இங்கிலாந்தில் காயத்துக்குப் பொதுவாக மூன்று ஆண்டு, சாதாரண ஒப்பந்தத்துக்கு ஆறு. இந்தியாவில் ஒப்பந்த மீறலுக்கு மூன்று. கலிஃபோர்னியாவில் காயத்துக்கு இரண்டு. அரசு அமைப்பு எதிர்த்தரப்பாக இருந்தால் முன்னறிவிப்புக்கென்று தனிக் கெடு பல இடங்களில் உண்டு. அது சில மாதங்களாகக்கூட இருக்கும். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதால் கடிகாரம் நிற்காது. "பார்த்துச் செய்கிறோம்" என்று காப்பீட்டு நிறுவனம் இனிமையாகப் பேசிக்கொண்டே இருக்கும்போது நாள் கடந்துபோய்விடும்.

கட்சிக்காரரும் வழக்கறிஞரும்

வழக்கறிஞரிடம் சட்ட ஆலோசனைக்காகச் சொன்னது வெளியே போகாது. நீதிமன்றமே கேட்டாலும், உங்கள் சம்மதமில்லாமல் அவர் சொல்லக்கூடாது. இனிச் செய்யப்போகும் குற்றத்துக்கு உதவி கேட்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ஆனால் நம்பிக்கையான நண்பரைக் கூடவே அழைத்துவந்து அவர் முன்னால் பேசினால் அந்தப் பாதுகாப்பு ஓட்டையாகலாம். வழக்கறிஞரின் மின்னஞ்சலை ஊழியர் எல்லோருக்கும் அனுப்பும் நிறுவனத் தலைவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். உங்களுக்குப் பாதகமானதை முதலில் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து, பாதகமான உண்மையால் தோற்ற வழக்குகளைவிட, அது தாமதமாகத் தெரிந்ததால் தோற்றவை அதிகம்.

கட்டணம் எப்படி என்று கேட்க வெட்கப்படாதீர்கள். அமெரிக்காவில் காய வழக்குகளில் ஜெயித்தால் மட்டும் தொகையில் ஒரு பங்கு, பெரும்பாலும் மூன்றில் ஒன்று, என்ற முறை சாதாரணம். இந்தியாவில் வழக்கறிஞர்கள் அப்படிப் பங்கு பேச அனுமதியில்லை. இங்கிலாந்தில் பொதுவாகத் தோற்றவர் வென்றவரின் செலவையும் ஏற்க வேண்டும்; அமெரிக்காவில் பெரும்பாலும் அவரவர் செலவு அவரவருக்கு. வியாபாரி வழக்குப் போடும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். பத்து லாபத்துக்கு எட்டுச் செலவழித்து, நான்கு ஆண்டு மேலாளர்களின் நேரத்தையும் கொடுத்துப் பெறும் வெற்றி, வெற்றிதானா?

பெரும்பாலான வழக்குகள் தீர்ப்பு வரை போவதில்லை; சமரசத்தில் முடிகின்றன. அதில் கேவலம் எதுவுமில்லை. சமரசப் பேச்சில் விட்டுக்கொடுத்துச் சொல்வதைப் பின்னர் நீதிமன்றத்தில் ஒப்புதலாகக் காட்டப் பொதுவாக இடமில்லை என்பதால் மனம் விட்டுப் பேசலாம். எதிர்த்தரப்பு ஒரு தொகை சொன்னால், அது எவ்வளவு சிறியதாகத் தோன்றினாலும், வழக்கறிஞர் அதைக் கட்சிக்காரரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் கட்சிக்காரரின் உரிமை. ஆனால் ஒன்று: சமரசப் பத்திரத்தில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருக்கும். அதில் கையெழுத்திட்ட பிறகு எலும்பு சரியாகக் கூடவில்லை, இன்னோர் அறுவை சிகிச்சை வேண்டும் என்று தெரியவந்தால், திரும்பிப் போகக் கதவு இல்லை. மருத்துவர் "இதற்கு மேல் முன்னேற்றமும் இல்லை, பின்னடைவும் இல்லை" என்று சொல்லும் நிலை வரும்வரை, காலவரம்பு இடம் கொடுத்தால், காத்திருப்பது நல்லது.

முதல் சந்திப்புக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து, தேதி வரிசையாக நடந்ததை மட்டும் எழுதுங்கள். கோபமோ முடிவுகளோ அதில் வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அதைக் காட்டும் காகிதம் எது, பார்த்தவர் யார் என்று குறியுங்கள். எதிரே எதுவும் எழுத முடியாத வரிகளும் இருக்கும். அவற்றை அழித்துவிடாமல் அப்படியே கொண்டுபோங்கள். வழக்கறிஞர் முதலில் விரல் வைப்பது அந்த வெற்று இடங்களில்தான்.